பரோயே தீவுகளின் கால்பந்து அணி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2025 அக்டோபர் 12 அன்று, உலகக் கோப்பைத் தகுதிச்சுற்றில் பரோயே தீவுகள் செக் குடியரசை 2-1 என்று தோற்கடித்தன. மறுநாள் எங்கள் கால்பந்து வாட்ஸ்அப் குழுவில் ஒரே கேள்வி: "யாருப்பா இவங்க?" பல வருடங்களாக இந்த அணியைப் பின்தொடர்கிறவன் என்பதால் பதில் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. அங்கே துண்டு துண்டாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன்.

பரோயே தீவுகள் எங்கே இருக்கின்றன?

ஸ்காட்லாந்துக்கு வடக்கே, ஐஸ்லாந்துக்கும் நார்வேக்கும் நடுவில், அட்லாண்டிக் கடலில். மொத்தம் 18 தீவுகள், சுமார் 1,400 சதுர கிலோமீட்டர். மக்கள்தொகை சுமார் 55,000. நம் ஊர்க் கணக்கில் ஒரு நடுத்தர நகராட்சிகூட இல்லை. தலைநகர் டோர்ஷாவ்ன். ஏற்றுமதி என்றால் கிட்டத்தட்ட எல்லாமே மீன். பெயருக்கு 'ஆட்டுத் தீவுகள்' என்று பொருள் சொல்வார்கள். மனிதர்களைவிடச் செம்மறி ஆடுகள்தான் அதிகம்.

இது தனி நாடா? டென்மார்க்கின் பகுதி என்கிறார்களே?

இரண்டும் பாதி உண்மை. டென்மார்க் அரசின் கீழ் வரும் தன்னாட்சிப் பகுதி. 1948 முதல் தன்னாட்சி உண்டு. சொந்த நாடாளுமன்றம், சொந்த மொழி, சொந்தக் கொடி எல்லாம் இருக்கின்றன. டென்மார்க் ஐரோப்பிய ஒன்றியத்தில் இருக்கிறது, பரோயே இல்லை. ஆனால் கையில் இருப்பது டென்மார்க் பாஸ்போர்ட்தான்.

விளையாட்டில் இந்தக் குழப்பம் இன்னும் தெளிவாகத் தெரியும். ஒலிம்பிக் கமிட்டி பரோயேவைத் தனியாக ஏற்கவில்லை. அந்தத் தீவு நீச்சல் வீரர் ஒலிம்பிக்கில் இறங்கினால் டென்மார்க் கொடியோடுதான் இறங்க வேண்டும். கால்பந்தில் அப்படியில்லை. 1988இல் உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவும் 1990இல் ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யூஃபாவும் அவர்களைத் தனி உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டன. நல்ல நேரத்தில் உள்ளே போய்விட்டார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். ஐக்கிய நாடுகள் சபையின் பெரும்பான்மை நாடுகள் ஏற்ற சுதந்திர நாடாக இருந்தால்தான் புதிதாகச் சேரலாம் என்று யூஃபா பின்னால் விதியை இறுக்கிவிட்டது. இன்று விண்ணப்பம் போட்டால் வாசலிலேயே நிறுத்தியிருப்பார்கள்.

கால்பந்து அங்கே எப்போது போய்ச் சேர்ந்தது?

19ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே. ட்வோரோய்ரி ஊரின் டிபி கிளப் 1892இல் தொடங்கியது. டோர்ஷாவ்னின் எச்பி, கிளாக்ஸ்விக்கின் கேஐ இரண்டும் 1904. தேசிய லீக் 1942இல் ஆரம்பமானது. இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருக்கிறது, தீவுகள் பிரிட்டிஷ் படைகளின் பிடியில் இருக்கின்றன, இவர்கள் லீக் நடத்துகிறார்கள்! தேசிய அணி என்ற பெயரில் ஷெட்லாண்ட் போன்ற பக்கத்துத் தீவுக்காரர்களோடு 1930களிலிருந்தே ஆடியிருக்கிறார்கள். ஆனால் கால்பந்துச் சங்கம் அமைந்தது 1979இல்தான். ஃபிஃபா கணக்கில் வரும் முதல் ஆட்டம் 1988 ஆகஸ்ட் 24, ஐஸ்லாந்தின் அக்ரனெஸ் ஊரில். 1-0 தோல்வி.

1990இல் ஆஸ்திரியாவை வென்ற ஆட்டத்தை ஏன் இன்னும் பேசுகிறார்கள்?

அது அவர்களுடைய முதல் போட்டி ஆட்டம் என்பதால். அதற்கு முன் ஆடியதெல்லாம் நட்பு ஆட்டங்களும் தீவுகளுக்கிடையிலான போட்டிகளும்தான். ஐரோப்பியக் கோப்பையான யூரோ 92இன் தகுதிச்சுற்றில் யூகோஸ்லாவியா, டென்மார்க், ஆஸ்திரியா, வடக்கு அயர்லாந்து இருந்த குழுவில் இவர்களையும் போட்டார்கள். ஆஸ்திரியா அப்போதுதான் இத்தாலி உலகக் கோப்பையில் ஆடிவிட்டு வந்திருந்தது. டோனி போல்ஸ்டர் போன்ற ஐரோப்பாவில் பெயர் வாங்கிய ஆட்டக்காரர்கள் இருந்தார்கள். இந்தப் பக்கம் இருந்த அத்தனை பேரும் பகலில் வேலைக்குப் போய், சாயங்காலம் பந்து ஆடுகிறவர்கள்.

1990 செப்டம்பர் 12. இடம் ஸ்வீடனின் லாண்ட்ஸ்க்ரூனா. பார்க்க வந்தவர்கள் ஆயிரத்துச் சொச்சம் பேர். முதல் பாதியில் கோல் இல்லை. ஒரு மணி நேரம் கடந்த சமயம், வலப் பக்கமிருந்து டோர்கில் நீல்சன் பந்தை எடுத்துக்கொண்டு உள்ளே வெட்டினார். இவர் மர வியாபாரத்தில் வேலை பார்த்தவர், தீவுகளின் செஸ் சாம்பியனாகவும் இருந்தவர். தடுக்க வந்தவர்களுக்கு நடுவே புகுந்து, தாழ்வாக அடித்தார். 1-0.

மீதி அரை மணி நேரம் பந்து பரோயே பாதியிலேயே கிடந்தது. அடிக்க அடிக்கத் திருப்பி அனுப்பினார்கள். கோல் கம்பத்துக்கு நடுவில் வெள்ளைக் குஞ்சலத் தொப்பி போட்ட ஒரு கோல்கீப்பர் நின்று வந்ததையெல்லாம் பிடித்தார். விசில் அடித்தபோதும் அதே 1-0. ஆஸ்திரியப் பயிற்சியாளர் யோசஃப் ஹிக்கர்ஸ்பெர்கர் பதவி விலகினார். உலகக் கோப்பைக்கு அணியைக் கொண்டுபோன மனிதர், இந்த ஒரு ராத்திரியில் வீட்டுக்குப் போனார்.

அந்தத் தொப்பிக் கதை உண்மையா?

உண்மைதான். அந்தக் கோல்கீப்பர் யென்ஸ் மார்ட்டின் க்னுட்சன். இளம் வயதில் ஆடும்போது தலையில் பலமாக அடிபட்டது. மறுபடி ஆட வேண்டுமானால் தலையில் ஏதாவது போட்டுக்கொள் என்று வீட்டில் கட்டாயப்படுத்தினார்கள். கம்பளித் தொப்பி போட்டார், அப்படியே பழகிவிட்டது. மீன் தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்தவர். ஜிம்னாஸ்டிக்ஸும் தெரியும். அந்த வளைந்து பாய்தல் எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிந்திருக்கும்.

ஒரு குறை சொல்லிவிடுகிறேன். பரோயே என்றாலே இந்தத் தொப்பிப் படத்தைப் போட்டு, "அடேங்கப்பா, மீன்காரர்கள் ஜெயித்துவிட்டார்கள்" என்று முடித்துவிடுகிறார்கள். தொப்பி அழகான கதைதான், நானும் ரசிக்கிறேன். ஆனால் இந்த அணியின் வரலாறு தொப்பியில் இல்லை, தரையில் இருக்கிறது. அடுத்த கேள்வியைப் படியுங்கள்.

சொந்த நாட்டு ஆட்டத்தை ஏன் ஸ்வீடனில் ஆடினார்கள்?

புல் மைதானம் இல்லாததால்.

சிரிப்பாக இருக்கும், ஆனால் அதுதான் விஷயம். பரோயே எரிமலைப் பாறையால் ஆன தீவுக்கூட்டம். பாறைக்கு மேல் மெல்லிய மண், அதன் மேல் புல். மலைச் சரிவெல்லாம் பச்சைப் பசேலென்று இருக்கும், ஆடு மேய்க்கலாம். பந்து ஆட வேண்டுமென்றால் நூறு மீட்டர் நீளத்துக்குச் சமதளம் வேண்டுமே, அதற்கு எங்கே போவது? கிடைத்த சின்னச் சின்னச் சமதளங்களில் வீடு, துறைமுகம், மீன் கொட்டகை. மிச்சமிருந்த இடத்தில் மண்ணும் சரளையும் கொட்டி ஆடினார்கள். விழுந்தால் முட்டி தேயும். பிறகு செயற்கைத் தரை வந்தது. ஆனால் அன்றைய விதிப்படி தகுதிச்சுற்று ஆட்டத்துக்கு இயற்கைப் புல் கட்டாயம். அதனால் யூரோ 92 தகுதிச்சுற்றின் 'சொந்த மைதான' ஆட்டம் அத்தனையையும் கடல் கடந்து லாண்ட்ஸ்க்ரூனாவில்தான் ஆடினார்கள்.

ஆஸ்திரியாவை வென்ற பிறகு சும்மா இருக்க முடியுமா? டோஃப்டிர் என்ற சிற்றூருக்கு மேலே, மலையில் பாறையை வெடிவைத்துத் தகர்த்து, தட்டையாக்கி, அதன்மேல் புல்தரை போட்டார்கள். ஸ்வாங்காஸ்கார் என்று பெயர். 1992 ஜூனில் பெல்ஜியம் அங்கே வந்து ஆடியது, 3-0 என்று ஜெயித்துவிட்டுப் போனது. போகட்டும், ஆட்டம் தங்கள் மண்ணில் நடந்ததல்லவா! படங்களைப் பாருங்கள்: ஒரு பக்கம் வெட்டிய பாறை, இன்னொரு பக்கம் காற்று, காற்றுக்கு அப்பால் கடல்.

டோஃப்டிருக்குத் தலைநகரிலிருந்து போவது அப்போது எளிதல்ல, அது வேறு தீவு. 2020 டிசம்பரில் கடலுக்கடியில் சுரங்கச் சாலை திறந்த பிறகுதான் டோர்ஷாவ்னிலிருந்து பக்கத்து ஊரான ருனாவிக்குக்கு 55 கிலோமீட்டர் சுற்றிப் போனது 17 ஆகக் குறைந்தது. அந்தச் சுரங்கத்துக்குள் கடலடியில் ஒரு ரவுண்டானாவே இருக்கிறது. டோர்ஷாவ்னிலேயே டோர்ஸ்வோலுர் மைதானம் 1990களின் கடைசியில் வந்தது. அங்கேயும் முதலில் இயற்கைப் புல்தான். அந்த மழையில் அது நிற்குமா? யூஃபா செயற்கைப் புல்லை அனுமதித்ததும், 2010களின் தொடக்கத்தில் அதற்கு மாறிவிட்டார்கள். ஊர் ஊராகச் செயற்கைப் புல் மைதானம் வந்ததுதான் எல்லாவற்றையும் மாற்றியது என்பேன். ஒரு பையன் வருடம் முழுக்க, மழையில்கூட, முட்டி தேயாமல் நல்ல தரையில் பந்து தொட முடிகிறது. இன்றைய அணியில் பந்தை மேலே தூக்கி அடிக்காமல் தரையில் உருட்டிப் பாஸ் செய்கிறார்களே, அந்தப் பழக்கம் இப்படித்தான் வந்தது.

ஆஸ்திரியா வெற்றிக்குப் பிறகு வேறு நாடுகளையும் வென்றார்களா?

உடனே இல்லை. 1991 மே மாதம் பெல்ஃபாஸ்ட்டில் வடக்கு அயர்லாந்தோடு 1-1. அவ்வளவுதான். மற்றதெல்லாம் தோல்வி. யூகோஸ்லாவியா பெல்கிரேடில் 7-0, ருமேனியா 1992இல் புக்கரெஸ்டில் 7-0. முதல் ஆட்டத்தில் சதம் அடித்துவிட்டு அடுத்த இருபது ஆட்டம் ஒற்றை இலக்கத்தில் அவுட் ஆகும் ஆட்டக்காரர் மாதிரி.

அடுத்த போட்டி வெற்றிக்கு 1995 வரை காத்திருந்தார்கள். சான் மரினோவை இரண்டு முறையும் வென்றார்கள். பிறகு 1997இல் மால்டாவை இரண்டு முறை. 2000 செப்டம்பரில், யூரோ 2000 ஆடி முடித்திருந்த ஸ்லோவேனியாவிடம் 2-0 என்று பின்தங்கி, கடைசி சில நிமிடங்களில் இரண்டு கோல் போட்டு டிரா செய்தார்கள். அதே தகுதிச்சுற்றில் லக்சம்பர்க்கையும் இரண்டு தடவை வீழ்த்தினார்கள்.

யூரோ 92 தகுதிச்சுற்றில் இவர்கள் குழுவில் இருந்த டென்மார்க்தானே கோப்பையை வென்றது?

அதே டென்மார்க்தான். குழுவில் முதலிடம் பிடித்தது யூகோஸ்லாவியா. போர் காரணமாக அவர்களைத் தடை செய்ததும் இரண்டாமிடத்து டென்மார்க்கைக் கூப்பிட்டார்கள், கோப்பையை எடுத்துக்கொண்டு போனார்கள். அந்த அணியின் கேப்டன் லார்ஸ் ஓல்சன். பெயரை நினைவில் வையுங்கள், திரும்ப வருவார்.

பெரிய அணிகளைத் திணறடித்த ஆட்டங்கள் எவை?

ஸ்காட்லாந்துக்காரர்களிடம் டோஃப்டிர் என்று சொல்லிப் பாருங்கள், முகம் மாறும். 1999இல் அங்கே கடைசி நேரத்தில் கோல் வாங்கி 1-1. 2002 செப்டம்பர் 7 அன்று இன்னும் மோசம். 13 நிமிடம் முடிவதற்குள் யோன் பீட்டர்சன் இரண்டு கோல் போட்டுவிட்டார். ஸ்காட்லாந்து தட்டுத் தடுமாறி 2-2 என்று சமன் செய்தது. பயிற்சியாளர் பெர்ட்டி ஃபோக்ட்ஸ், ஆட்டக்காரராக உலகக் கோப்பை வென்ற ஜெர்மானியர். ஊர்ப் பத்திரிகைகள் அவரை வறுத்தெடுத்தன.

அதே தகுதிச்சுற்றில் ஜெர்மனி. உலகக் கோப்பை இறுதியாட்டம் ஆடிச் சில மாதம்தான் ஆகியிருந்தது. ஹனோவரில் 2-1 என்று மூச்சு வாங்கி ஜெயித்தது. மறு ஆட்டம் 2003 ஜூன் 11, டோர்ஷாவ்ன். எண்பத்தெட்டு நிமிடம் வரை கோல் இல்லை. 89ஆம் நிமிடத்தில் குளோஸ, காயத்துக்கான கூடுதல் நேரத்தில் போபிச். 2-0. ஸ்கோரை மட்டும் பார்க்கிறவருக்கு ஜெர்மனி சாதாரணமாக ஜெயித்த மாதிரி இருக்கும். ஆட்டத்தைப் பார்த்தவருக்கு அப்படி இருக்காது. 2007 ஜூனில் அப்போதைய உலகச் சாம்பியன் இத்தாலியும் அதே ஊரில் 2-1 என்றுதான் ஜெயித்தது. பரோயேவின் கோல் ரோக்வி யாகப்சனுடையது. அணிக்காக அதிகக் கோல் அடித்தவர் அவர், மொத்தம் 10.

வெறும் 10 கோலா?

வருடத்துக்குப் பத்து ஆட்டம், அதில் முக்கால்வாசி தற்காப்பு. பத்து என்பது அங்கே பெரிய எண்.

வானிலைதான் ஜெயிக்க வைக்கிறது என்கிறார்களே?

தோற்றுப் போனவர்கள் சொல்வது. காற்று இரண்டு அணிக்கும்தானே அடிக்கிறது? பழகினவருக்குக் கொஞ்சம் அனுகூலம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் 2014இல் கிரீஸைக் கிரீஸிலேயே வென்றார்களே, அங்கே எந்தக் காற்று?

வானிலையால் வரும் தொல்லை பெரும்பாலும் விமானத்தில்தான். ஒரே விமான நிலையம், வாகர் தீவில், போர்க் காலத்தில் பிரிட்டிஷ் படை போட்ட ஓடுபாதை. சுற்றிலும் மலை, அடிக்கடி பனிமூட்டம். 2007 அக்டோபரில் பிரான்ஸ் அணியின் விமானம் மூட்டத்தில் இறங்க முடியாமல் நார்வேயின் பெர்கன் நகரத்துக்குத் திருப்பிவிடப்பட்டது. ராத்திரி அங்கே தங்கி, ஆட்டத்தன்றுதான் வந்து சேர்ந்தார்கள். வந்து 6-0 என்று ஜெயித்தார்கள். வானிலைக் கோட்பாட்டுக்கு இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை.

மோசமான காலம் எது?

2000களின் நடுப்பகுதி. 2008 செப்டம்பரில் ஃபிஃபா தரவரிசையில் 198ஆம் இடம். அதற்கு அடுத்த மாதமே டோர்ஷாவ்னில் ஆஸ்திரியாவோடு 1-1 டிரா! அந்த நாட்டுக்கும் இவர்களுக்கும் ஏதோ பூர்வஜென்மக் கணக்கு. 2009இல் லிதுவேனியாவை 2-1 என்று வென்றார்கள். 2010 ஆகஸ்டில் எஸ்தோனியாவில் 90ஆம் நிமிடம் வரை முன்னிலையில் இருந்துவிட்டு, கூடுதல் நேரத்தில் இரண்டு கோல் வாங்கித் தோற்றார்கள். எனக்கு இன்றும் வயிறு எரிகிற ஆட்டம் அது. அடுத்த ஜூனில் டோஃப்டிரில் 2-0 என்று திருப்பிக் கொடுத்தார்கள்.

கிரீஸை இரண்டு முறை வென்றது எப்படி?

2014 நவம்பர் 14, பிரேயஸ். கிரீஸ் 2004இன் ஐரோப்பியச் சாம்பியன். அந்த வருடமே உலகக் கோப்பையில் கடைசி 16 வரை போன அணி, தரவரிசையில் 18. பரோயே 187. அறுபது நிமிடம் கழிந்ததும் யோவன் சிமுன் எட்முண்ட்சன் கோலுக்கு மிக அருகிலிருந்து பந்தை உள்ளே தள்ளினார். 1-0. கிரீஸ் தற்காப்பு கலைந்து நின்ற ஒரு நொடி, அதை விடவில்லை. அதன்பிறகு ஒழுங்காகத் தற்காத்தார்கள். லாண்ட்ஸ்க்ரூனா மாதிரி உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்ற அரை மணி நேரம் இல்லை இது. இரண்டு வரிசையாக நின்று, இடம் விடாமல், நேரம் பார்த்து எதிர்த்தாக்குதலுக்கு ஓடினார்கள்.

மறுநாள் கிரீஸ் தன் பயிற்சியாளரை வேலையை விட்டு அனுப்பியது. அவர் பெயர் கிளாடியோ ரனியேரி. வேலை போன மனிதர் அடுத்த கோடையில் லெஸ்டர் சிட்டிக்குப் போய், 2016 மே மாதம் இங்கிலாந்து பிரீமியர் லீக் கோப்பையைத் தூக்கினார். பரோயே தோற்கடிக்காமல் இருந்திருந்தால் லெஸ்டர் கதையே நடந்திருக்காது என்று நான் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் அடிக்கடி சொல்வதுண்டு. யாரும் ஒப்புக்கொள்வதில்லை.

2015 ஜூன் 13 அன்று டோர்ஷாவ்னில் மறுபடி 2-1. ஹாலுர் ஹான்சன், பிராண்டூர் ஓல்சன் கோல்கள். முதலாவதை விபத்து என்றவர்கள் இதற்குப் பிறகு வாயை மூடிக்கொண்டார்கள். அடுத்த மாதத் தரவரிசையில் பரோயே 74.

பயிற்சியாளர்கள் யார் யார்?

சின்ன அணிக்குக் கிடைத்த பெரிய பெயர்களைப் பாருங்கள். ஆஸ்திரியா வெற்றியின்போது இருந்தவர் ஐஸ்லாந்தின் பால் குட்லாக்சன். 1994 முதல் 2001 வரை ஆலன் சிமோன்சென். 1977இல் ஐரோப்பாவின் தலைசிறந்த ஆட்டக்காரருக்கான தங்கப் பந்து வாங்கியவர், பார்சிலோனாவில் ஆடியவர். பிறகு ஹென்ரிக் லார்சன், யூரோ 92இல் டென்மார்க்குக்காக மூன்று கோல் அடித்தவர். அயர்லாந்து தேசிய அணியை நடத்திய பிரையன் கெர் 2009இல் வந்தார். 2011இல் வந்தவர்தான் நினைவில் வைக்கச் சொன்ன லார்ஸ் ஓல்சன், 2019 வரை இருந்தார். கிரீஸ் வெற்றி இரண்டும் அவர் காலத்தில். அவருக்குப் பின் ஸ்வீடனின் ஹோகன் எரிக்சன். 2025இல் பொறுப்பு உள்ளூர்க்காரர் ஐடுன் கிளாக்ஸ்டைனிடம் வந்தது.

இவர்களில் சிமோன்சென்தான் அடித்தளம் போட்டவர் என்று நினைக்கிறேன். அவர் காலத்து முடிவுகளைப் பார்த்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது. ஆனால் தோற்கும்போது 7-0 என்று தோற்காமல் 2-0 என்று தோற்கக் கற்றுக்கொண்டது அந்த ஏழெட்டு வருடத்தில்தான்.

ஆட்டக்காரர்கள் இன்னும் மீன் தொழிற்சாலைக்குப் போகிறார்களா?

சிலர் வேலைக்குப் போகிறார்கள், பலர் முழுநேர ஆட்டக்காரர்கள். டென்மார்க், நார்வே, ஐஸ்லாந்து லீக்குகளில் நிறையப் பேர் ஆடுகிறார்கள். கோல்கீப்பர் குன்னார் நீல்சன் 2010இல் மான்செஸ்டர் சிட்டிக்காக ஆர்சனலுக்கு எதிரே மாற்று ஆட்டக்காரராக இறங்கினார். பிரீமியர் லீக்கில் ஆடிய முதல் பரோயேக்காரர். எட்முண்ட்சன் 2020இல் பீலஃபெல்ட் அணிக்காக ஜெர்மனியின் பண்டஸ்லிகாவில் ஆடினார். ஃப்ரோடி பென்யாமின்சன் போல நீண்ட காலம் ஆடி, தொண்ணூறு ஆட்டங்களைத் தாண்டியவர்களும் உண்டு.

உள்ளூர் லீக்கில் இன்றைக்கும் தச்சர், ஆசிரியர், எலக்ட்ரீஷியன் எல்லாம் ஆடுகிறார்கள். அதை ஒரு வேடிக்கையாக எழுதுவது எனக்குப் பிடிக்காது. 55,000 பேர் உள்ள ஊரில் ஆள் எங்கிருந்து வருவான்?

டென்மார்க் பாஸ்போர்ட் இருந்தால் யார் வேண்டுமானாலும் பரோயேவுக்கு ஆடலாமா?

முடியாது. ஒரே குடியுரிமையைப் பல அணிகள் பகிர்ந்துகொள்ளும் இடத்தில் ஃபிஃபாவுக்குத் தனி விதி உண்டு. அங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது பெற்றோரோ தாத்தா பாட்டியோ அங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது குறிப்பிட்ட காலம் அங்கே வாழ்ந்திருக்க வேண்டும்.

டென்மார்க்கை ஒருமுறையாவது வென்றிருக்கிறார்களா?

அதிகாரபூர்வ ஆட்டத்தில் இல்லை. 2021 செப்டம்பரில் டோர்ஷாவ்னில் 85ஆம் நிமிடம் வரை கோல் விடாமல் தாக்குப்பிடித்து, 1-0 என்று தோற்றார்கள். அந்த டென்மார்க் சில மாதம் முன்புதான் யூரோ அரையிறுதி ஆடியிருந்தது. கிரீஸை வென்றதைவிட டென்மார்க்கை வென்றால்தான் தெருவில் கூட்டம் அதிகம் கூடும் என்பது என் ஊகம். அண்ணன் தம்பிக்குள் நடக்கிற ஆட்டத்தின் சூடு வேறு.

நேஷன்ஸ் லீக் இவர்களுக்கு உதவியதா?

ரொம்பவே. ஐரோப்பிய நாடுகளைத் தரத்தின்படி பிரிவுகளாகப் பிரித்து யூஃபா நடத்தும் போட்டி அது. பெரிய நாட்டு ரசிகர்கள் அந்தப் போட்டியை அலட்சியமாகப் பேசுவார்கள். ஆனால் சின்ன அணிக்குத் தன் அளவுக்குச் சமமான எதிரி கிடைப்பது அதில்தான். வருடம் முழுக்க அடி வாங்கினால் அடி வாங்கத்தான் பழகும். 2020இல் மால்டா, லாத்வியா, அன்டோரா இருந்த குழுவில் ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் முதலிடம் வந்து மேல் பிரிவுக்குப் போனார்கள். 2022 செப்டம்பர் 25 அன்று அந்த மேல் பிரிவில் துருக்கியை டோர்ஷாவ்னில் 2-1 என்று வென்றார்கள். கோல் போட்டவர்கள் வில்யோர்மர் டேவிட்சனும் எட்முண்ட்சனும்.

கிளப் அணிகளின் நிலை?

2023இல் கிளாக்ஸ்விக்கின் கேஐ அணி சாம்பியன்ஸ் லீக் தகுதிச்சுற்றில் ஹங்கேரியின் ஃபெரென்ஸ்வாரோஷைப் புடாபெஸ்டிலேயே 3-0 என்று நொறுக்கியது. அங்கேயும் பயிற்சியாளருக்கு வேலை போனது, ரஷ்யாவின் ஸ்டானிஸ்லாவ் செர்செசோவ். ஹிக்கர்ஸ்பெர்கர், ரனியேரி, செர்செசோவ் என்று பட்டியல் நீள்கிறது. பிறகு ஸ்வீடன் சாம்பியன் ஹேக்கனைப் பெனால்டியில் வென்றார்கள். கடைசியில் ஐரோப்பாவின் மூன்றாம் நிலைக் கிளப் போட்டியான கான்ஃபரன்ஸ் லீக்கின் குழுச்சுற்றில் ஆடினார்கள். ஐரோப்பியப் போட்டியின் குழுச்சுற்றுக்குப் போன முதல் பரோயே கிளப் அதுதான். கிளாக்ஸ்விக் ஊரின் மக்கள்தொகை ஐயாயிரம் சொச்சம்.

2026 உலகக் கோப்பைத் தகுதிச்சுற்றில் என்ன நடந்தது?

குரோஷியா, செக் குடியரசு, மாண்டினீக்ரோ, ஜிப்ரால்டர் இருந்த குழு. ஆரம்பம் சுமார். செக் நாட்டில் 2-1 தோல்வி, மாண்டினீக்ரோவில் 1-0 தோல்வி. ஜிப்ரால்டரை இரண்டு முறை வென்றார்கள். குரோஷியாவிடம் சொந்த ஊரில் 1-0 தோல்வி. பிறகு அக்டோபர் 9 அன்று மாண்டினீக்ரோவை 4-0! தகுதிச்சுற்றில் பரோயே நாலு கோல் போட்டு ஒரு கோலும் வாங்காமல் வந்தது, அதுவும் சான் மரினோவோ ஜிப்ரால்டரோ அல்லாத அணியிடம்.

மூன்று நாள் கழித்துச் செக். இரண்டாம் பாதியில் ஹானுஸ் சோரென்சன் முதல் கோல். செக் அணியின் காரபெக் சமன் செய்தார். 1990ஆக இருந்தால், 2002ஆக இருந்தால்கூட, அந்த இடத்தில் பின்வாங்கி டிராவுக்கு நின்றிருப்பார்கள். இவர்கள் முன்னே போனார்கள். சில நிமிடங்களுக்குள் மார்ட்டின் அக்னார்சன் இரண்டாவது கோல் போட்டார். 2-1. அந்த வாரமே செக் பயிற்சியாளர் இவான் ஹாஷெக் நீக்கப்பட்டார்.

கடைசி ஆட்டம் நவம்பர் 14, குரோஷியாவின் ரியேக்கா. ஜெயித்தால் பிளேஆஃப் வாய்ப்பு உயிரோடிருக்கும். கேஸா டேவிட் டூரி முதல் கோலைப் போட்டுவிட்டார். கால் மணி நேரம்தான் ஆகியிருந்தது. உலகக் கோப்பையில் இரண்டாமிடமும் மூன்றாமிடமும் வாங்கிய அணியை அதன் ஊரிலேயே முந்திக்கொண்டு நின்றார்கள். நிலைக்கவில்லை, 3-1 தோல்வி. எட்டு ஆட்டம், நான்கு வெற்றி, 12 புள்ளி, மூன்றாமிடம்.

இதுவரை உலகக் கோப்பையிலோ யூரோவிலோ ஆடியிருக்கிறார்களா?

இல்லை.

ஐஸ்லாந்து போல இவர்களும் ஒருநாள் போவார்களா?

ஐஸ்லாந்து இவர்களைவிட ஏறக்குறைய ஏழு மடங்கு பெரியது, அதை மறந்து ஒப்பிடுகிறார்கள். ஆனால் மக்கள்தொகை ஒன்றரை லட்சத்தைத் தாண்டிய சின்னக் கரீபிய நாடான குராசோ 2026 உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றுவிட்டது. அதனால் "முடியவே முடியாது" என்று சொல்ல எனக்குத் தைரியமில்லை. குராசோவுக்கு நெதர்லாந்தில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் கைகொடுத்தார்கள். பரோயேவுக்கு அந்தக் கிணறு அவ்வளவு ஆழமில்லை. ஊரில் பிறக்கிற பையன்களை வைத்துத்தான் ஆட வேண்டும்.

பழைய ஆட்டம் ஒன்று பார்க்க வேண்டுமானால் எதைப் பார்ப்பது?

எல்லாரும் 1990 ஆஸ்திரியாவைச் சொல்வார்கள். அதன் கோலை மட்டும் பாருங்கள், போதும். முழு ஆட்டமாகப் பார்ப்பதானால் 2002 ஸ்காட்லாந்து ஆட்டம். முதல் 13 நிமிடத்தைத் தவறவிடாதீர்கள். கேமரா கொஞ்சம் மேலே தூக்கும்போதெல்லாம் மைதானத்துக்குப் பின்னால் வெடிவைத்து உடைத்த பாறைச் சுவர் தெரியும், பக்கத்தில் மலைச் சரிவு, அதில் சில ஆடுகளும் இருக்கலாம்.